அக்கா மகனை நாய் கடித்துவிட்டது, அம்மா வேர் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்

மலர், ஈசூன்
செவ்வாய், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் இருப்பது சிங்கப்பூரில், எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா மகன் கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து வந்து கெண்டைக்காலில் கவ்வியிருக்கிறது. அவனுக்கு ஆறு வயது. இரண்டு இடத்தில் பல் பதிந்திருக்கிறது, ஒன்றில் ரத்தம் வந்திருக்கிறது. எனக்கு இன்றைக்குத்தான் சொன்னார்கள், அதுவும் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது.

அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டிருக்கிறார். மறுநாள் காலையில் பக்கத்து ஊரில் விஷக்கடிக்குப் பார்க்கும் பெரியவரிடம் கூட்டிப் போய் வேர் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். நாற்பது நாளைக்குக் கறி, மீன், கத்திரிக்காய் கூடாதாம். அக்காவிடம் கேட்டால், "டவுன்ல ஊசியும் போட்டாச்சுடி, கவலைப்படாதே" என்கிறாள். என்ன ஊசி என்று கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. கையில் ஒரே ஒரு ஊசியாம். மறுபடி வரச் சொன்னார்களா என்றால் அதுவும் ஞாபகமில்லை. அத்தான் மஸ்கட்டில் இருக்கிறார். வீட்டில் முடிவெடுப்பது அம்மாதான்.

அந்த நாய் யாருடையது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு யாரும் அதைப் பார்க்கவும் இல்லை. இதைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிறு பிசைகிறது. இரண்டு நாள் ஆகிவிட்டதே, இனிமேல் ஊசி போட்டால் பலன் இருக்குமா? அம்மாவிடம் எப்படிப் பேசுவது? கோபமாகப் பேசினால் போனை வைத்துவிடுவார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். டிசம்பரில் என் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறோம். ஏழு வயது, நாலு வயது. இங்கே புளோக்குக்குக் கீழே இருக்கும் பூனைகளைத் தினமும் தடவிக்கொடுத்துப் பழகிய பிள்ளைகள். எந்த மிருகத்தைப் பார்த்தாலும் முதலில் கையைத்தான் நீட்டுவார்கள்.


தாதி, பிடோக்
செவ்வாய், இரவு 11.05

மலர், முதலில் இதைச் செய்யுங்கள், மற்றதைப் பிறகு பேசுவோம். இப்போது அங்கே எட்டரை மணிதான். அக்காவைக் கூப்பிட்டு, டவுனில் கொடுத்த சீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் டிடி என்று மட்டும் இருந்தால் அது தனுர்வாதம் வராமல் இருக்கப் போடும் ஊசி. ரேபிஸுக்கும் (வெறிநாய்க்கடி நோய்) அதற்கும் சம்பந்தம் இல்லை. ஊரில் "ஊசி போட்டாச்சு" என்று பல வீடுகள் நிம்மதியாக இருந்துவிடுவது இந்த டிடியை நம்பித்தான்.

நாய்க்கடி ஊசியைச் சீட்டில் ஏஆர்வி என்று எழுதுவார்கள். அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள் போடுவார்கள். ஒரே நேரத்தில் இரண்டு மேற்கையிலும் ஒவ்வொன்று, போட்ட இடம் கொசு கடித்தது மாதிரி தடிக்கும். முதல் ஊசி போடும் நாளைப் பூஜ்யம் என்று வைத்து, அப்புறம் 3, 7, 28ஆம் நாள்கள். தசையில் போடும் இடங்களில் 14ஆம் நாளும் ஒன்று சேர்ந்து ஐந்து ஊசி வரும். எந்த முறையானாலும் அடுத்த தேதி சீட்டில் இருக்கும். அடுத்த தேதி இல்லாத சீட்டு என்றால் சந்தேகப்படுங்கள்.

ரத்தம் வந்திருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் மிக ஆபத்தான மூன்றாம் வகைக் கடி, தடுப்பூசி மட்டும் போதாது, கடிவாயைச் சுற்றியே சீரம் (எதிர்ப்புச் சக்தி தயாராகவே உள்ள மருந்து) செலுத்த வேண்டும். தடுப்பூசி போட்டு உடம்பு தன் எதிர்ப்பைத் தயார் செய்ய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரை கிருமியைக் கடித்த இடத்திலேயே மடக்கி வைப்பது சீரம்தான். எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது இருக்காது. மன்னார்குடி அரசு மருத்துவமனையில் கேட்கச் சொல்லுங்கள், அங்கே இல்லையென்றால் திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 104க்கு அடித்தும் விசாரிக்கலாம்.

இரண்டு நாள் தாமதம் என்பது நல்லதல்ல, ஆனால் கண்டிப்பாக இன்னும் நேரம் இருக்கிறது. இந்தக் கிருமி ரத்தத்தில் ஓடாது, நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூளைக்கு ஏறும். அறிகுறி தெரிய பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வாரத்திலும் வரும். அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற வழியில்லை. அதனால் நாளைக் காலை முதல் வேலையாகப் போக வேண்டும். இன்று இரவே அந்தப் பற்றைக் கழுவி எடுத்துவிட்டு, சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லுங்கள். இரண்டு நாள் ஆனாலும் கழுவ வேண்டும்.


துவாஸ் கிரேன், ஊர் ஆவுடையார்கோயில் பக்கம்
புதன், நள்ளிரவு 12.25

தங்கச்சி, தாதி அக்கா சொன்னதைச் செய்துவிட்டீர்களா என்று முதலில் ஒரு வரி போடுங்கள். ஓவர்டைம் முடிந்து இப்போதுதான் ரூமுக்கு வந்தேன், உங்கள் பதிவைப் பார்த்துவிட்டுக் குளிக்கக்கூடப் போகாமல் எழுதுகிறேன்.

1996, மே மாத லீவு. எனக்கு 11 வயது, சித்தப்பா மகனுக்கு 8. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். களத்துமேட்டில் வைக்கோல் போருக்கு அடியில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. அதில் ஒரு செவலைக் குட்டியை அவன் எந்நேரமும் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் அது அவன் இடது கை ஆள்காட்டி விரலைக் கடித்துவிட்டது. குட்டியின் பல் எவ்வளவு கூர்மை என்று வளர்த்தவர்களுக்குத் தெரியும். ரத்தம் இரண்டு புள்ளி, அவ்வளவுதான். வரப்பில் இருந்த வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிச் சாறு விட்டோம். "அண்ணே, அம்மாகிட்ட சொல்லிடாதண்ணே, தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போட்ருவாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

எங்கள் ஊரில் பிள்ளைகள் நாயைச் சீண்டினால் பெரியவர்கள் அந்தப் பதினாலு ஊசியைச் சொல்லித்தான் மிரட்டுவார்கள். நாய்மேல் வர வேண்டிய பயம் எங்களுக்கு ஊசிமேல் வந்துவிட்டது. நாலைந்து நாளில் அந்தக் குட்டி செத்துப்போனது. குட்டிக்கு வெறி வராது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, அதனால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஆடி மாதம் ஒரு நாள், அந்த விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றான். காயம் ஆறி, தழும்புகூட இல்லை. அப்புறம் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் சித்தி எவர்சில்வர் டம்ளரில் சுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அவனுக்கு நல்ல தாகம், வாங்கத்தான் கையை நீட்டினான். டம்ளர் வாய்க்குப் பக்கத்தில் வந்ததும் தொண்டை உள்ளே இழுத்துக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்து, தண்ணீர் முழுக்கப் பாயில் கொட்டியது. கொஞ்ச நேரம் கழித்து அவனே "தண்ணி" என்றான். மறுபடியும் அதே. சித்தி பதறிப்போய் விசிறியை எடுத்து வீசினார், அந்தக் காற்றுப் பட்டதற்கும் தொண்டை இழுத்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, நாய் ஏதாவது கடித்ததா என்பதுதான். எல்லோரும் இல்லை என்றார்கள். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். நான்தான் சொன்னேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை, என் தலையில் கை வைத்துவிட்டு, சித்தப்பாவைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவன் மூன்று நாள் இருந்தான்.

நான் செய்து கொடுத்த சத்தியத்தை நினைக்காத வருடம் இல்லை. அதனால் உங்கள் அக்கா மகனிடம் நாளைக் காலையில் நீங்களே வீடியோ காலில் பேசுங்கள். தொப்புளில் ஊசி கிடையாது, கையில்தான், கொசு கடி மாதிரி என்று சொல்லுங்கள். அந்தப் பழைய ஊசி ஆட்டு மூளைத் திசுவிலிருந்து எடுத்தது. இந்தியாவில் அதை 2005க்குள் முழுக்க நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஊர்ப் பெரியவர்கள் வாயில் அது இன்னும் இருக்கிறது, இன்றைக்கும் பிள்ளைகளை அதைச் சொல்லித்தான் மிரட்டுகிறார்கள். அவன் நாயைச் சீண்டினானா, தெருவில் ஏன் தனியாகப் போனான் என்றெல்லாம் இப்போது யாரும் கேட்கக்கூடாது. திட்டு விழும் என்று தெரிந்தால் அடுத்த முறை சொல்ல மாட்டான்.

அம்மாவிடம் வேரைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். வேர் கையில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், கறி சாப்பிடாமல் இருந்தாலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது. பற்று மட்டும் போக வேண்டும், ஊசி தொடங்க வேண்டும். "நீங்க செஞ்சது செஞ்சதாவே இருக்கட்டும்மா, எனக்காக இதையும் செய்யுங்க" என்று சொல்லிப் பாருங்கள். மாதா மாதம் பணம் அனுப்புகிற பிள்ளை கேட்டால் பெற்றவர்கள் தட்டுவது குறைவு. நான் எங்கள் ஊரில் பார்த்தது இதுதான்.

கழுவுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 15 நிமிடம் என்றால் எல்லோரும் சரி சரி என்பார்கள், ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிவிட்டு வந்துவிடுவார்கள். நான் போன வருடம் ஊரில் பம்புசெட்டில் ஒரு பையனின் காலைப் பிடித்துக் கழுவியிருக்கிறேன். முதல் இரண்டு நிமிடம் அழுவான். அஞ்சாவது நிமிடம் கை வலிக்கும், போதும் என்று தோன்றும். சோப்பு நுரை காயத்துக்குள்ளே போக வேண்டும், தண்ணீர் அடித்துக்கொண்டு போக வேண்டும், திரும்ப நுரை, திரும்பத் தண்ணீர். முடிக்கும்போது புதுச் சோப்பு ஒன்றில் கால்வாசி கரைந்திருந்தது. வீட்டில் குழாய் இல்லையென்றால் ஒருவர் குடத்திலிருந்து விடாமல் ஊற்ற வேண்டும், ஒரு குடம் பத்தாது. கடிகாரத்தைப் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். இந்தக் கிருமிக்கு மேலே ஒரு கொழுப்புப் படலம் இருக்கிறது, சோப்பு அதைக் கரைத்துவிடும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதற்கும் அந்த வேலை தெரியாது, காயத்தை ரணமாக்கிக் கிருமியை உள்ளே தள்ளத்தான் செய்யும். கட்டுப் போடாதீர்கள், தையலும் உடனே வேண்டாம்.

சரி, நாளைக்கு அஞ்சு மணிக்கு எழ வேண்டும். ஊரில் நாய்களுக்கு நாங்கள் என்ன செய்தோம் என்பதை நாளை எழுதுகிறேன். பிள்ளையைக் கவனியுங்கள்.


வேலு, தோ பாயோ
புதன், காலை 7.50

துவாஸ் தம்பி எழுதியதைப் படித்து மனசு கனத்துவிட்டது. ஊசி போடுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். என் ஐயா விஷக்கடிக்குப் பார்த்தவர். எங்கள் தாலுகாவில் எத்தனையோ பேர் நாய் கடித்து அவரிடம் வந்து, மருந்து குடித்து, பத்தியம் இருந்து, பேரன் பேத்தி எடுத்தார்கள். காசு வாங்க மாட்டார். அவரை ஏமாற்றுக்காரர் என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது. நம் ஆட்கள் காலங்காலமாக வைத்திருந்ததில் ஒன்றுமே இல்லையா?


துவாஸ் கிரேன்
புதன், இரவு 9.30

வேலு அண்ணே, உங்கள் ஐயா ஏமாற்றியிருக்க மாட்டார். காசு வாங்காமல் பார்த்தவரை அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் கடிக்கிற நாய் எல்லாவற்றுக்கும் வெறி இருப்பதில்லை. குட்டி போட்ட நாய் கடிக்கும், பயந்த நாய் கடிக்கும், வாலை மிதித்தால் கடிக்கும். வெறியில்லாத நாய் கடித்தவர்கள் மருந்து குடித்தாலும் பிழைப்பார்கள், குடிக்காவிட்டாலும் பிழைப்பார்கள். அவர்கள்தான் திரும்பி வந்து உங்கள் ஐயாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட்டிருப்பார்கள். வெறிநாய் கடித்தவர் இரண்டு மாதம் கழித்துக் காய்ச்சலில் போயிருப்பார். அதை அந்தக் கடியோடு சேர்த்துப் பார்க்க யாரும் ஐயாவிடம் வந்து சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டிலேயே சேர்த்துப் பார்க்கவில்லையே.

எங்கள் ஊரிலும் வேர் கட்டுகிற தாத்தா ஒருவர் இருக்கிறார். 2023 பொங்கலுக்கு லீவில் போனபோது நான் முதலில் போய் உட்கார்ந்தது அவர் திண்ணையில்தான். என் தம்பி கதை அவருக்கும் தெரியும். "தாத்தா, நாய் கடின்னு வர்றவங்க முதல்ல வர்றது உங்ககிட்டதான். நீங்க சொன்னா கேப்பாங்க" என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். இப்போது அவர் வீட்டு வாசலில் ஒரு சோப்பும் வாளியும் இருக்கிறது. வந்தவர்களைக் கழுவ வைக்கிறார். "ஊசி போட்ட சீட்டைக் கொண்டா, அப்புறம் கட்டிவிடறேன்" என்கிறார். நாங்கள் ஊரெல்லாம் மைக் கட்டிச் சொன்னதைவிட அவர் ஒருத்தர் சொல்வது அதிகம் எடுபடுகிறது. உங்கள் ஐயா இருந்திருந்தால் அவரும் இதைத்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன்.

நாய்களைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். எங்கள் ஊர்க்காரர்கள் இங்கே முப்பது நாற்பது பேர் இருக்கிறோம். தங்குவிடுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசி, ஆளுக்குப் பத்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போட்டோம். தடுப்பு மருந்தைக் கால்நடைத் துறையிலிருந்தே கொண்டுவந்தார்கள், அதற்குக் காசு இல்லை. எங்கள் பணம் வலைக்கும், லோடு ஆட்டோ வாடகைக்கும், மைக் செட்டுக்கும், வந்தவர்களுக்கு இட்லி காப்பிக்கும் போனது. நாய் பிடிக்க ஒத்துக்கொண்ட பையன்களுக்கு ஒரு மாதம் முன்பே தடுப்பூசி போட வைத்தோம், அதை மட்டும் யாரும் மறந்துவிடாதீர்கள்.

காலை அஞ்சரைக்குத் தொடங்கினோம். வெயில் ஏறினால் நாய் வயலுக்குப் போய்விடும். முதல் தெருவில் வலையைப் பார்த்ததுமே எல்லாம் ஓடிவிட்டது, ஒரு மணி நேரத்தில் நாலு நாய்தான் கிடைத்தது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அப்போது புட்டு விற்கிற ஆச்சி ஒருத்தர் வந்து வலையை ஓரமாக வைக்கச் சொன்னார். தினமும் மிச்சப் புட்டைத் தெருநாய்களுக்குப் போடுகிறவர். கருவாட்டுத் துண்டு பிசைந்த சோற்றுச் சட்டியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். வந்தது. அவர் கழுத்தை அணைத்துக்கொண்டு காதோரம் ஏதோ பேசிக்கொண்டே இருக்க, டாக்டர் பின்னாலிருந்து போட்டுவிட்டார். ஆச்சி மடியில் மட்டும் பதினொரு நாய். போட்ட நாய் முதுகில் சிவப்புச் சாயம் தடவினோம். தெருநாய்க்குச் சோறு போடுகிறவர்களை ஊரில் எல்லோரும் திட்டுவார்கள், அன்றைக்கு அவர் இல்லையென்றால் எங்களுக்குப் பாதி நாய்கூடக் கிடைத்திருக்காது.

ஒரு ஊரில் உள்ள நாய்களில் நூற்றுக்கு 70க்குத் தடுப்பூசி போட்டுவிட்டால், வெறி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும் சங்கிலி அறுந்துவிடும். வருடா வருடம் போட வேண்டும், ஏனென்றால் புதுக் குட்டிகள் வந்துகொண்டே இருக்கும். விஷம் வைத்துக் கொல்லலாமே என்று எங்கள் ஊரிலும் பேசினார்கள். ஊசி போட்ட நாயைக் கொன்றால் அந்த இடத்துக்குப் பக்கத்து ஊர் நாய், ஊசி போடாத நாய், வந்து உட்கார்ந்துகொள்ளும். கோவாவில் இப்படி நாய்களுக்குத் தொடர்ந்து ஊசி போட்டுத்தான் நோயை அடக்கினார்கள். ஒரு மாநிலத்தால் முடிந்தது ஒரு கிராமத்தால் முடியாதா என்று கேட்டுத்தான் நாங்கள் இறங்கினோம்.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை காலைக் கூட்டத்தில் பத்து நிமிடம் கொடுத்தார். நாய் துரத்தினால் ஓடாதே, மரம் மாதிரி நில். கீழே விழுந்தால் கல் மாதிரி சுருண்டு முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொள். சாப்பிடும் நாயையும் குட்டியோடு இருக்கும் நாயையும் தொடாதே. இதையெல்லாம் பிள்ளைகள் செய்து காட்டிச் சிரித்தார்கள். கடைசியாக, கடித்தால் வந்து சொல்லுங்கள், யாரும் அடிக்க மாட்டார்கள் என்றேன். அதைச் சொல்லும்போது மட்டும் எனக்குக் குரல் சரியாக வரவில்லை. குழாயடியில் நைலான் வலைப்பையில் ஒரு சோப்புக் கட்டித் தொங்கவிட்டு வந்தோம். தீர்ந்தால் மாற்றுவது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பொறுப்பு.

தங்கச்சி, இன்னும் நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே.


மலர், ஈசூன்
புதன், இரவு 10.15

மன்னியுங்கள் அண்ணே, இன்று முழுக்கப் போனிலேயே இருந்தேன்.

நேற்று இரவே சீட்டு வந்தது. டிடி மட்டும்தான். பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. அம்மாவை அழைத்து, நீங்கள் சொன்ன மாதிரியே வேரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எனக்காகம்மா" என்று சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பதினாலு ஊசி போட்டா புள்ள தாங்குமாடி" என்றார். அம்மாவுக்கும் அந்தப் பயம்தான் இருந்திருக்கிறது, நான் இத்தனை நாளாக அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன். கையில்தான் போடுவார்கள் என்று சொன்ன பிறகு, அவரே அடுப்படிக் கடிகாரத்தைப் பார்த்துக் காலைக் கழுவிவிட்டார். சுண்ணாம்பு பட்ட இடம் வெந்து போயிருந்ததாம்.

இன்று காலை மன்னார்குடியில் முதல் ஊசி, இரண்டு கையிலும். சீரமும் கடிவாயைச் சுற்றிப் போட்டார்கள், அதற்கு மட்டும் அழுதிருக்கிறான். எல்லாம் இலவசம்தான். சீட்டில் சனிக்கிழமை, அடுத்த புதன், 28ஆம் நாள் என்று தேதி போட்டிருக்கிறது. மூன்று தேதிக்கும் என் போனில் அலாரம் வைத்துவிட்டேன்.

தாதி அக்கா, என் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லுங்கள்.


தாதி, பிடோக்
வியாழன், காலை 6.30

நல்ல செய்தி மலர். 28ஆம் நாள் ஊசியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், காயம் ஆறிவிட்டதே என்று. அந்த அலாரத்தை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே போடும் தடுப்பூசி உண்டு. பயணத்துக்கு முன் ஊசி போடும் கிளினிக்கில் கேளுங்கள். இரண்டு அல்லது மூன்று ஊசி, சில வாரம் இடைவெளி வேண்டும், அதனால் இந்த மாதமே போய்விடுங்கள். போட்டுக்கொண்டவர்களை நாய் கடித்தால் கவலையே இல்லை என்று அர்த்தமில்லை. அப்போதும் கழுவ வேண்டும், உடனே ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று என்று இரண்டு ஊசி போட வேண்டும். சீரம் தேவைப்படாது. கிராமத்தில் கிடைக்கச் சிரமமான மருந்து அதுதான் என்பதால் இது பெரிய உதவி.

சிங்கப்பூரில் 1953லிருந்து ரேபிஸ் இல்லை. நம் பிள்ளைகள் பூனையைத் தடவுவதை நாம் தடுக்காமல் இருப்பது அதனால்தான். ஆனால் பாலத்தைத் தாண்டினால் அந்த நிலைமை இல்லை. மலேசியாவில் 2015ல் வடக்கு மாநிலங்களில் வந்தது, 2017ல் சரவாக்கில் வந்தது. பாலித் தீவில் 2008லிருந்து இருக்கிறது. உலகம் முழுக்க வருடத்துக்குச் சுமார் 59,000 பேர் இதில் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பத்தில் நாலு பேர் 15 வயதுக்குக் கீழே. நாயின் முகத்துக்குப் பிள்ளையின் முகம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முகம், கழுத்து, விரல் இவற்றில் கடித்தால் இன்னும் அவசரம்.

பூனை, குரங்கு கடித்தாலும் இதே முறைதான். வீட்டு எலி கடித்தால் பொதுவாக இந்த ஊசி தேவைப்படாது. ஆறாத காயத்தை நாய் நக்கினாலும் காட்ட வேண்டும். கடித்த நாய் கண்ணெதிரே இருந்தால் பத்து நாள் கட்டி வைத்துப் பார்க்கலாம். பத்து நாளும் நன்றாக இருந்தால் மீதி ஊசியை நிறுத்துவதா என்று மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் ஊசியை முதல் நாளே தொடங்கிவிட வேண்டும், நாயைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கக்கூடாது. வெறி என்றால் வாயில் நுரை தள்ளிக்கொண்டு துரத்தும் என்று நினைக்காதீர்கள். மூலையில் சுருண்டு கிடந்து, தாடை தொங்கி, விழுங்க முடியாமல் இருப்பதும் வெறிதான். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது போலும் என்று வாய்க்குள் கையை விட்டுவிடுவார்கள்.


வேலு, தோ பாயோ
வியாழன், இரவு 8.00

துவாஸ் தம்பி, உங்கள் பதிலை இரண்டு முறை படித்தேன். ஐயாவுக்குப் பிறகு இப்போது என் தம்பிதான் ஊரில் பார்க்கிறான். அவனுக்கு இன்று போன் போட்டு, சோப்பும் சீட்டும் என்கிற விஷயத்தைச் சொன்னேன். வருகிறவர்கள் குறைந்துவிடுவார்களோ என்று தயங்கினான். ஐயா காசுக்குப் பார்க்கவில்லையே என்றேன். சரி என்றான். தீபாவளிக்குப் போகும்போது நானே வாசலில் ஒரு குழாய் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறேன்.


மலர், ஈசூன்
சனி, பிற்பகல் 3.20

இரண்டாவது ஊசி போட்டாயிற்று. சீட்டுப் போட்டோவும் வந்துவிட்டது.

நேற்றுப் பள்ளிக்கூடத்தில் அவன் சட்டைக் கையைத் தூக்கி எல்லோரிடமும் காட்டியிருக்கிறான், "வலிக்கவே இல்ல, தொப்புள்ல போடல" என்று. அதைக் கேட்டுவிட்டுப் பின்தெருவில் இருக்கும் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் டீச்சரிடம் போய்க் கையைக் காட்டியிருக்கிறாள். அதே ஞாயிற்றுக்கிழமை, அதே நாய்தான். முழங்கைக்குக் கீழே ஆழமான கீறல், ஒரு பல் பட்ட இடம். ஆறு நாளாக முழுக்கைச் சட்டை போட்டு மறைத்து வைத்திருக்கிறாள். வீட்டில் யாருக்கும் தெரியாது.

அவளுடைய அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர், என்ன செய்வது என்று தெரியாமல் எங்கள் வீட்டுக்கு வந்து அழுதாராம். இன்று காலை என் அம்மாதான் இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனார். கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பெண்ணைக் குழாயடியில் உட்காரவைத்து, கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, 15 நிமிடம் கழுவியிருக்கிறார். அவளுக்கும் ஊசி தொடங்கிவிட்டது, சீரமும் போட்டாயிற்று. அவளுக்கு அடுத்தது செவ்வாய்க்கிழமை, அதற்கும் அலாரம் வைத்துவிட்டேன்.

அண்ணே, எங்கள் ஊரில் நாய்களுக்கு ஊசி போட யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும், எழுத்தில் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் இங்கே பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், நாளை தேக்காவில் சந்திக்கிறோம்.